எளிய எழுத்தும் நிலைத்த பக்கமும்

1812-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ஆம் நாள் மாலை. கல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி நதிக்கரையில் உள்ள ஸ்ரீராம்பூரில், ஓர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மன், வில்லியம் வார்டு என்னும் மூவர் 1800-ஆம் ஆண்டில் நிறுவிய அச்சகம் அது. அச்சகம் நிறுவப்பெற்றபோது ஸ்ரீராம்பூர் டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்தது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். செய்தி மறுநாள்தான் அவரை எட்டியது. கீழ்நாட்டு மொழிகள் பலவற்றுக்கென வார்த்து வைத்திருந்த ஈய எழுத்துகள் உருகிப் போயின. கட்டுக் கட்டாகக் காகிதம் சாம்பலாயிற்று.

ஆயினும் இடிபாடுகளைக் கிளறியபோது, எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு அச்சுகளும் வார்ப்புத் தாய்களும் கெடாமல் கிடைத்தன. பஞ்சானன் கர்மகார் என்னும் வங்காளக் கொல்லரும், அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகரும் பல்லாண்டுகள் உழைத்துச் செதுக்கியவை அவை. உருகிய ஈயத்தையே மீண்டும் காய்ச்சி, அத்தாய்களில் ஊற்றிப் புதிய எழுத்துகளை வார்த்தார்கள். சில மாதங்களில் அச்சகம் மறுபடியும் இயங்கத் தொடங்கியது.

மீளாதது ஒன்று உண்டு. கேரி பல ஆண்டுகள் தொகுத்துவந்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி அன்று எரிந்தது. வேறு படி இல்லை. அந்த அகராதி கடைசிவரை வெளிவரவே இல்லை.

இந்நிகழ்ச்சி இரண்டு உண்மைகளை நமக்கு எடுத்துரைக்கிறது. நூலின் மூலம் வேறு, அதன் அச்சு வடிவம் வேறு என்பது ஒன்று. வடிவம் அழிந்தால் மறுபடி வார்க்கலாம். மூலம் ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பின் அது என்றைக்கும் ஆபத்துக்கு உட்பட்டது என்பது மற்றொன்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கணிப்பொறியின் வாயிலாக நம் எழுத்துகளை உலகுக்கு வெளியிடும் இக்காலத்திலும் இவ்விரண்டும் மாறவில்லை. இவ்வுண்மைகளை அடிப்படையாகக் கொண்ட வெளியீட்டு முறை ஒன்று இன்று வழக்கில் இருக்கிறது. எளிய உரையில் எழுதி, நிலைத்த பக்கங்களாக வெளியிடும் முறை அது. தாய்நிலத்தை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு அதனால் விளையும் பயன் யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெளிமாநிலத் தமிழர்கள் எழுதுவதில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு சங்கம் இருந்தால் ஓர் ஆண்டு மலர் இருக்கும். பொங்கல் விழாவுக்கு ஒரு மலர், வெள்ளி விழாவுக்கு ஒரு மலர் என வெளிவரும். அவற்றில் உள்ள கட்டுரைகள் பெரும் பத்திரிகைகளில் இடம்பெறா. ஆனால் ஒரு நகரத்தில் தமிழர் எவ்வாறு குடியேறினர், எங்கே பள்ளி வைத்தனர், எந்தக் கடையில் அரிசியும் காப்பிக்கொட்டையும் வாங்கினர் என்பன போன்ற செய்திகளை அம்மலர்களில் அன்றி வேறெங்கும் காண இயலாது. அவை முந்நூறு படிகள் அச்சாகி, சில ஆண்டுகளில் பழைய காகிதக்காரரிடம் போய்ச் சேர்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரின் பேரன் என்னைக் காண வந்தான். வீட்டில் தமிழ் பேசுபவன்; பள்ளியில் வங்காளமும் ஆங்கிலமும் கற்றவன். கையில் ஒரு குறுந்தகடும் இரண்டு பழைய நெகிழ்தட்டுகளும் இருந்தன. “மாமா, தாத்தா எழுதிய கட்டுரைகள் ஒன்பதும் இதில் இருக்கின்றனவாம். திறந்து பார்த்தால் ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. நீங்கள் மொழிபெயர்ப்புத் துறையில் இருப்பவர். இதைப் படித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டான்.

அவன் காட்டியது மொழிபெயர்ப்பாளனாலும் படிக்க முடியாத ஒன்று. ரோமன் எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும் தாறுமாறாகக் கலந்து கிடந்தன. அதன் காரணத்தைச் சிறிது விளக்க வேண்டும்.

கணிப்பொறி எழுத்தை எழுத்தாக அறியாது; எண்ணாகவே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஓர் உடன்படிக்கை. 1980-களிலும் 1990-களிலும் தமிழுக்கு அத்தகைய பொது உடன்படிக்கை நடைமுறையில் நிலைபெறவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களில் தமக்குத் தோன்றியவாறு தமிழ் எழுத்துகளை அமர்த்தினர். ஒருவரிடத்தில் ககரத்தைக் குறித்த எண் மற்றொருவரிடத்தில் மகரத்தைக் குறித்தது. எழுதியபோது பயன்பட்ட எழுத்துரு கணிப்பொறியில் இருந்தால் கட்டுரை தெரியும்; இல்லாவிடில் பொருளற்ற குறிகளே எஞ்சும். 1999-ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு சில பொது முறைகளை ஏற்றது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறி முறையில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்த போதிலும், சாதாரண மக்களின் கணிப்பொறிகளில் அது பரவுவதற்கு மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தமிழக அரசு அதனை 2010-இல் தன் அலுவல்களுக்கு ஏற்றுக்கொண்டது.

பெரியவரின் கட்டுரைகளுக்குத் திரும்புவோம். குறுந்தகட்டில் இருந்த ஏழனுள் நான்கு ஒரு பழைய மலரில் அச்சாகியிருந்தன. அச்சுப் பக்கத்தையும் குழம்பிய கோப்பையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்தத் தமிழ் எழுத்துக்கு ஈடு என்று ஒரு பட்டியல் தயாரித்தோம். அப்பட்டியலைக் கொண்டு அச்சாகாத மூன்று கட்டுரைகளையும் மீட்டோம். ஸ்ரீராம்பூர் இடிபாடுகளில் கிடைத்த வார்ப்புத் தாய்களைப் போல அந்தப் பட்டியல் எங்களுக்கு உதவியது. நெகிழ்தட்டுகளில் இருந்த இரண்டு கட்டுரைகளோ திறக்கவே மறுத்துவிட்டன. காந்தப் பூச்சு கெட்டுவிட்டது; வேறு படியும் இல்லை. அவற்றுள் ஒன்று அவர் முதன்முதலில் ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கிய நாளைப் பற்றியது என்று அவர் மகள் கூறினார்.

இனி, எளிய உரை என்பது யாதெனக் காண்போம். எழுத்தின் அளவு, நிறம், தடிப்பு, பக்க ஓரம் முதலிய அலங்காரச் செய்திகள் எவையும் கலவாமல், எழுத்துகள் மட்டுமே வரிசையாக அமைந்த கோப்பு எளிய உரை எனப்படும். அதனைத் திறக்கக் குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருள் வேண்டுவதில்லை; எந்தக் கணிப்பொறியிலும், கைப்பேசியிலும் திறக்கலாம். ஒருங்குறித் தமிழில் ஓர் எழுத்துக் குறிக்கு வழக்கமாக மூன்று பைட்டு இடம் வேண்டும். இரண்டாயிரம் சொல் கொண்ட ஒரு கட்டுரை ஐம்பதாயிரம் பைட்டுக்குச் சற்று முன்பின்னாக அமையும். கைப்பேசியில் எடுக்கும் மூன்று மெகாபைட்டு நிழற்படம் ஒன்று பிடிக்கும் இடத்தில் இத்தகைய கட்டுரைகள் அறுபது அடங்கும். ஒரு சங்கத்தின் ஐம்பதாண்டு எழுத்தும் உள்ளங்கை அளவுள்ள சேமிப்பானின் ஒரு மூலையில் இருந்துவிடும்.

அவ்வாறாயின் தலைப்பு எது, பத்தி எது, மேற்கோள் எது என்பதை எவ்வாறு காட்டுவது? இதற்குத்தான் எளிய குறிகள் ஏற்பட்டன. 2004-ஆம் ஆண்டில் ஜான் க்ரூபர் என்னும் அமெரிக்கர், ஆரன் ஸ்வார்ட்சின் துணையுடன், மார்க்டவுன் என்னும் குறிமுறையை வெளியிட்டார். தலைப்பு வரியின் முன்னே எண்குறி ஒன்றை இட்டால் அது பெருந்தலைப்பு. இரண்டு இட்டால் உட்தலைப்பு. ஒரு வரியைக் காலியாக விட்டால் புதிய பத்தி. சொல்லின் இருபுறமும் ஒற்றை நட்சத்திரக் குறி இட்டால் அழுத்தம். இரட்டை இட்டால் மிகுந்த அழுத்தம். வரியின் தொடக்கத்தில் அம்புத் தலை போன்ற குறி வந்தால் மேற்கோள். அச்சகத்துக்கு அனுப்பும் கையெழுத்துப் படியில் நம் முன்னோர் ஓரத்தில் குறிப்பு எழுதி அச்சுக்கோப்பவருக்கு வழிகாட்டினர் அன்றோ? இதுவும் அத்தகையதே. இக்குறிகள் இருந்தும் கட்டுரையைக் கண்ணால் இடையூறின்றிப் படிக்க இயலும் என்பது இதன் சிறப்பு. நாளை இக்குறிமுறையே வழக்கொழிந்தாலும் கட்டுரை கட்டுரையாகவே இருக்கும்.

அடுத்தது, இவ்வுரையைப் பக்கங்களாக்கும் கருவி. 2008-இல் டாம் பிரஸ்டன்-வெர்னர் வெளியிட்ட ஜெக்கில், 2013-இல் ஸ்டீவ் பிரான்சியா வெளியிட்ட ஹியூகோ முதலியன இவ்வகையில் பெயர்பெற்றவை. பணம் கொடாமலே இவற்றைப் பெறலாம். கணிப்பொறியில் ஓர் அடைவில் கட்டுரைகளையும், மற்றோர் அடைவில் வார்ப்புருக்களையும், வேறோர் அடைவில் படங்களையும் வைக்கிறோம். ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் மூன்று சிறு கோடுகளுக்கு இடையே தலைப்பு, ஆசிரியர் பெயர், நாள், பொருள் ஆகியவற்றைக் குறிக்கிறோம். பிறகு ஒரு கட்டளை இட்டால் போதும். கருவி ஒவ்வொரு கட்டுரையையும் எடுத்து வார்ப்புருவில் ஊற்றி, உலாவியில் காணத்தக்க பக்கமாக்குகிறது. பொருளடக்கத்தையும், ஆண்டு வாரியான பட்டியலையும், பொருள் வாரியான பட்டியலையும் தானே செய்து தருகிறது.

வார்ப்புரு என்னும் சொல்லைத் தமிழ்க் கணிமையாளர் தேர்ந்தெடுத்தது மிகவும் பொருத்தமே. கர்மகாரின் பட்டறையில் ஈயத்துக்கு வடிவம் தந்தது எதுவோ, அதுவே இங்கு எழுத்துக்கு வடிவம் தருகிறது. பக்கத்தின் மேலே சங்கத்தின் பெயர் வர வேண்டுமா, எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமா, முதியோர் படிக்க வரிகளுக்கிடையே இடம் மிகுதியாக விட வேண்டுமா - இவற்றை வார்ப்புருவில் ஒரு முறை மாற்றினால் முந்நூறு கட்டுரைகளின் தோற்றமும் மாறிவிடும். கட்டுரைகளின் ஓர் எழுத்தையும் தொட வேண்டுவதில்லை.

இப்பக்கங்களை நிலைத்த பக்கங்கள் என்பது ஏன்? பல இணையத் தளங்களில் வாசகர் கேட்கும்போதுதான் தரவுத்தளத்திலிருந்து செய்திகளைத் திரட்டிப் பக்கம் உருவாகிறது. அதற்கு எந்நேரமும் இயங்கும் மென்பொருளும், அதனை அவ்வப்போது புதுப்பித்துக் காவல் செய்யும் ஆளும் வேண்டும். நிலைத்த பக்கமோ முன்கூட்டியே ஆயத்தமாகிவிடுகிறது. கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது மட்டுமே வழங்கியின் வேலை. வானொலி நேயர்களுக்கு நேரடி ஒலிபரப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள வேற்றுமையைக் கூறினால் இது எளிதில் விளங்கும். நேரடி ஒலிபரப்பில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் அந்நேரத்தில் நிலையத்தில் இருந்தாக வேண்டும். ஒலிப்பதிவு ஒரு முறை ஆகிவிட்டால் எத்தனை முறையும் ஒலிபரப்பலாம்.

சங்கங்களுக்கு இவ்வேற்றுமை மிகவும் இன்றியமையாதது. செயலாளர் மாறுவார், கடவுச்சொல் பழைய செயலாளருடன் பணி மாற்றத்தில் வேறு ஊருக்குப் போய்விடும், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துபோகும், தளம் மறைந்துவிடும். தரவுத்தளத்தில் மட்டுமே கட்டுரைகள் இருந்தால் அவையும் உடன் மறையும். எளிய உரைக் கோப்புகளாக மூன்று வீடுகளில் மூன்று படிகள் இருந்தாலோ, வேறு ஒருவர் வேறு இடத்தில் ஒரே நாளில் தளத்தை மீண்டும் எழுப்பிவிடலாம்.

தமிழில் இம்முறையைக் கையாளுவோர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பத்தியின் தொடக்கத்தில் சிறிது இடம் விட்டு எழுதும் வழக்கம் நமக்கு உண்டு. மார்க்டவுனில் நான்கு வெற்றிடம் விட்டால் அப்பத்தியை நிரல் என்று கருவி கருதித் தனிப் பெட்டியில் அடைத்துவிடும். ஆதலின் வரியை ஓரத்திலிருந்தே தொடங்க வேண்டும். கவிதையின் அடிகளை அடுத்தடுத்து எழுதினால் அவை ஒன்றாகச் சேர்ந்து உரைநடையாகிவிடும். அடியின் முடிவில் இரண்டு வெற்றிடம் விட வேண்டும். ஆண்டைக் குறித்துப் புள்ளி வைத்து ஒரு பத்தியைத் தொடங்கினால், இக்கட்டுரையின் முதல் வாக்கியத்தில் வரும் 1812 போன்ற எண்ணைக் கருவி பட்டியலின் வரிசை எண்ணாகக் கொண்டுவிடும். ஆண்டை ஒட்டி “ஆம் ஆண்டு” என்று எழுதுவது நல்லது. அழுத்தத்தைச் சாய்வெழுத்தால் காட்டுவது ஐரோப்பிய வழக்கம். சாய்ந்த தமிழெழுத்து கண்ணுக்கு இனிதன்று. வார்ப்புருவில் அதனைத் தடித்த எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்துப் பிழைகளிலும் புதிய வகைகள் தோன்றியுள்ளன. ஔகார உயிரைத் தட்டெழுதாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டுவிடுவோர் உளர். துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தையும், எகரத்துக்குப் பதிலாகத் தமிழ் எண் ஏழையும் இட்டுவிடுவோரும் உளர். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் கணிப்பொறியில் அச்சொல்லைத் தேடினால் அகப்படாது. மெய்ப்புப் பார்ப்பவர் இவற்றையும் நோக்க வேண்டும்.

அகரவரிசையில் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும், அதன் பின்னரே வகரமும் அமைந்துள்ளன. கருவி எண் வரிசையை மட்டும் பின்பற்றினால், ஆசிரியர் பெயர்ப் பட்டியலில் வள்ளியப்பன் என்பவர் வரதனுக்குப் பின் நிற்பதில் குறை தோன்றாது. ஆனால் ‘அவை’ என்னும் சொல் ‘அழகு’ என்பதற்குப் பின் போய்விடும். நம் மரபுப்படி யரலவ, ழள என்றே வர வேண்டும். தமிழ் அகரவரிசை அறிந்த வரிசைப்படுத்தும் முறையை அமைத்துக்கொள்ள வேண்டும். சிறு பட்டியலாயின் கையாலேயே திருத்திவிடலாம்.

எளிய உரையின் வலிமைக்கு இந்நகரிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தினர் 2013-ஆம் ஆண்டில் விசித்ரா என்னும் இணையத் தொகுதியை வெளியிட்டனர். இரவீந்திரநாத தாகூரின் கையெழுத்துப் படிகளும் அச்சுப் பதிப்புகளுமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் அதில் உள்ளன. பக்கங்களின் படங்களோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவற்றிலுள்ள எழுத்துகளைப் பெயர்த்துத் தட்டெழுதினர். அதனால் ஒரு கவிதையின் பல வடிவங்களையும் அடிக்கு அடி, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் காட்ட இயலுகிறது. அவ்வொப்பீட்டைச் செய்யும் நிரலுக்குப் பிரபேத் என்று பெயர். வேறுபாடு என்று பொருள். படத்தை மட்டும் சேமிப்பவர் தோற்றத்தைக் காக்கிறார். உரையாகப் பெயர்ப்பவரே அதனைத் தேடவும் ஒப்பிடவும் மறுபதிப்புச் செய்யவும் வழிவகுக்கிறார்.

தமிழில் இதற்கு முன்னோடி மதுரைத் திட்டம். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998-ஆம் ஆண்டு பொங்கல் நன்னாளில் அது தொடங்கியது. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதித் தந்தனர். முதலில் அக்கால எழுத்து முறைகளில் வெளிவந்தவை பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பெற்றன. அவை படங்களாக அன்றி எழுத்துகளாக இருந்தமையாலேயே அம்மாற்றம் இயன்றது. வெளியூர்த் தமிழர் தொடங்கிய பணி தாயகத் தமிழருக்கும் பயன்பட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளலாம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கட்டளைகளும் அடைவுகளும் முதியோருக்கு ஒத்துவருமா? ஒரு சங்கத்தில் எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டுவதில்லை. முதியோர் எழுதட்டும், அல்லது சொல்லட்டும். தமிழ்ப் பயிற்சி உடையவர் தட்டெழுதி மெய்ப்புப் பார்க்கட்டும். கருவியை அமைப்பது கல்லூரி மாணவருக்கு ஒரு வார இறுதியின் வேலை. மேலும், இம்முறை எல்லாவற்றுக்கும் மருந்தன்று. விழாச் சீட்டு விற்பதற்கும், உறுப்பினர் சந்தா கட்டுவதற்கும் வேறு ஏற்பாடு வேண்டும். நீண்ட நாள் நிலைத்திருக்க வேண்டிய எழுத்துக்கே இது உரியது.

பெரியவரின் பேரன் ஏழு கட்டுரைகளையும் இவ்வாறே வெளியிட்டான். அவற்றைச் செப்பனிடுவதற்காகவே தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றான். எழுதப் பழகியதும் எட்டாவதாக ஒரு சிறு கட்டுரை சேர்த்தான். தாத்தா ஹௌராவில் வந்து இறங்கிய நாளைப் பற்றித் தன் தாய் சொல்லக் கேட்டு எழுதியது அது. இழந்த கட்டுரைக்கு அது ஈடாகாது. எனினும் இம்முறை அதன் படிகள் கொல்கத்தாவில் இரண்டு வீடுகளிலும், திருச்சிராப்பள்ளியில் உள்ள உறவினர் வீட்டிலும் இருக்கின்றன.